வெள்ளிக்கிழமை மூன்று மணி வகுப்பு

போன மாதம் என்னைப் பார்க்க இரண்டு டீச்சர்மார் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் என்னிடம் வேலை பழகியவர்கள். கரமனையில் நான் விட்டுவிட்டு வந்த சிறுபிள்ளை வகுப்பை இப்போது அவர்கள்தான் நடத்துகிறார்கள். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அம்மாக்களை வரவழைத்துப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைக்கிறோமே, அந்த வகுப்பை எடுத்துவிடலாம் என்று மேலே யோசிக்கிறார்களாம். அம்மாக்கள் வந்தால் ஒரே சளசளப்பு, பிள்ளைகள் மடியை விட்டு இறங்குவதில்லை, ஒரு மணி நேரம் வீண் என்கிறார்களாம். “அது நீங்க ஆரம்பிச்சது டீச்சர். அது எதுக்குன்னு நீங்களே எழுதித் தந்தா கொண்டு காட்டலாம்” என்றாள் இளையவள்.

எதுக்கு என்று எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. நடந்தது என்ன என்று கேட்டால் எழுதுவேன். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக நான் பழகிய பழக்கம் அது. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களுக்கு நாஞ்சில் நாடு. அப்பாவுக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை இருந்ததால் நாங்கள் சின்னதிலேயே திருவனந்தபுரம் வந்துவிட்டோம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதராஸில் ஒரு வருஷம் கிண்டர்கார்டன் டிரெயினிங். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சாப்பாடு வாயில் வைக்க முடியாது. ஆங்கிலப் பாட்டு இருபது மனப்பாடம். கடைசியில் மரக்கட்டைகளும் கலர் கலரான கம்பளிப் பந்துகளும் அடங்கிய ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெட்டியோடு ஊர் வந்து இறங்கியபோது எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்ற நினைப்பு. அந்த நினைப்பு இன்றைக்கும் பெரிதாகக் குறையவில்லை. காரணங்கள்தான் மாறிவிட்டன.

அவற்றை மாற்றியவர் என் முதல் ஹெட்மிஸ்ட்ரஸ் பாருக்குட்டியம்மா.

வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்து, கையில் கறுப்புக் குடையோடு வருவார். சிறுபிள்ளை வகுப்பின் வாசலில் குடையையும் செருப்பையும் விட்டுவிடுவார். உள்ளே அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நேரே ஒரு மூலைக்குப் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்காருவார். இடுப்பில் செருகிய ஒரு சின்னப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் ஒரே ஒரு பிள்ளையைப் பார்ப்பார். பேசமாட்டார், சிரிக்கமாட்டார், அந்தப் பிள்ளை வந்து மேலே விழுந்தாலும் அசையமாட்டார். பத்து நிமிஷம் ஆனதும் பென்சிலை எடுத்து நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. ஆனால் அவர் செருப்புச் சத்தம் வாசலில் நின்றதும் நான் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன்.

எனக்கும் ஒரு நோட்டு கொடுத்தார். தினம் ஒரு பிள்ளையைப் பத்து நிமிஷம் பார்த்து எழுத வேண்டும். அவர் வாசிக்க வேண்டும் என்பதால் மலையாளத்தில். முதல் வாரம் நான் மிகுந்த பெருமையோடு எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். சங்கரன் என்ற நாலு வயதுப் பையனைப் பற்றி, ‘துஷ்டன், யாரையும் அடிக்கிறான்’ என்று எழுதியிருந்தேன். ‘துஷ்டன்’ என்பதைப் பென்சிலால் அடித்தார்.

“டீச்சரே, கண்டது எழுதணும். தோணினது எழுதண்டா. அவன் யாரை அடிச்சு? எப்போ அடிச்சு? அது எழுது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மதராஸில் படித்தவள் நானா, இவரா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் எழுதினேன். மூன்று நாள் எழுதியதில் சங்கரன் எல்லாரையும் அடிக்கவில்லை, வாசலுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிற பிள்ளைகளை மட்டும்தான் அடிக்கிறான் என்று தெரிந்தது. அங்கே உட்கார்ந்தால்தான் தெருமுனையில் அவன் அம்மா வருவது தெரியும். இடத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். அடி நின்றுவிட்டது.  அடுத்த வாரம் பாருக்குட்டியம்மா நோட்டில் ஒரு சின்ன டிக் போட்டிருந்தார், அவ்வளவுதான். அந்த டிக்கை நான் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் எனக்குச் சொன்ன சட்டம் இரண்டே இரண்டு. கண்டதை மட்டும் எழுது. எழுதின பக்கத்தைக் கிழிக்காதே. தப்பாக எழுதியிருந்தால் அடுத்த பக்கத்தில் திருத்தி எழுது, முதல் பக்கம் அப்படியே கிடக்கட்டும். இரண்டாவது சட்டத்தை நான் ஒரு தடவை மீறினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வகுப்பு தொடங்கிய புதிதில், கரமனை அக்கிரகாரத்துப் பிள்ளைகள் காலையில் வந்தால் மத்தியானம் வரை அழுவார்கள். அம்மாக்கள் வாசலில் நின்று தாங்களும் அழுவார்கள். வாரத்தில் ஒரு நாள் அம்மாக்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். பாருக்குட்டியம்மா உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் அம்மாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பல சாதிப் பிள்ளைகள் உட்காருகிற பாயில் உட்கார்ந்து எழுந்து வீட்டுக்குப் போனால் ஆசார மடி போச்சு, மறுபடி குளித்தாக வேண்டும். காலையில் ஒரு குளி, இதற்கு ஒரு குளியா என்றார்கள்.

அதற்காகத்தான் மூன்று மணி. சாயங்காலம் விளக்கேற்றும் முன் எப்படியும் கிணற்றடிக்குப் போகத்தானே வேண்டும், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றேன். இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஐந்து பேர். வந்தும் எதையும் தொடவில்லை. மதராஸ் பெட்டியை நான் திறந்ததும்தான் அந்தக் கூச்சம் விலகியது. கம்பளிப் பந்துகளைப் பார்த்ததும் ஒரு மாமி எட்டி எடுத்து முகர்ந்தாள். “கம்பளிதானே? கம்பளிக்குத் தோஷம் இல்லை” என்று தீர்ப்பு சொன்னாள். அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு பந்து. பெட்டியைச் செய்த சீமைக்காரர்கள் பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுக்க என்று கம்பளியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். கரமனையில் அது மடிக்கு உதவியது.

அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பிள்ளைகளுக்கு விஜயதசமி அன்றுதான் எழுத்து. தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பெரியவர் மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து எழுத வைத்த பிறகுதான் எழுத்தைத் தொடலாம். அதற்கு முன் தொடுவது சரஸ்வதிக்கு அபசாரம். ஆகவே ஜூனில் இடவப்பாதி மழையோடு வகுப்பு திறந்ததிலிருந்து விஜயதசமி வரை விளையாட்டு மட்டும்தான். கரமனை ஆற்று மணலைச் சலித்துத் தட்டில் போட்டு வளையம் வரைவது, மஞ்சாடி விதையையும் புளியங்கொட்டையையும் தனித்தனியாகப் பிரிப்பது, கதை, பாட்டு. ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. நான் அதற்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைப் பிள்ளைகள் விஷயத்தில் நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஜானகி வந்தது, அம்மாக்கள் வரத் தொடங்கிய அந்த வருஷம்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் சர்க்கார் கச்சேரியில் கிளார்க்; எட்டு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவான். மாமியார் இல்லை. மாமனார் கச்சேரியில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வார்கள். ஒரே பெண் குழந்தை, நாலு வயது மீனா. மீனா வகுப்பில் விதை பிரிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் விதையைக் கோடாக வைக்கச் சொன்னால் ஒரு பிடியாக அள்ளிக் கொட்டுவாள். பென்சில் பிடிக்கிற விரல் வலு இன்னும் வரவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் ஜானகி பாயிலேயே இருந்தாள்.

“டீச்சர், நேக்கு இந்த விதையால ஒரு எழுத்து வெச்சுக் காட்டறேளா?”

“உங்களுக்கா? படிக்கலியா நீங்க?”

“ஆத்துல அஞ்சு பொண்ணு. நான் கடைசி. யாருக்கும் தோணலை.” பிறகு கொஞ்சம் நேரம் விதைகளை உருட்டிக்கொண்டே இருந்தாள். “பிரசவம் ஆகி வந்தப்புறம் நாலு வருஷமா ஊருக்குப் போகலை. அப்பா மாசம் ஒரு கார்டு போடறார். மாமனார்தான் வாசிச்சுச் சொல்றார். எல்லாரும் சௌக்கியம், பசு கன்னு போட்டிருக்கு, மழை இல்லை. அவ்ளோதான். கார்டைப் பார்த்தா ரெண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கு. இவர் சொல்றது நாலு வார்த்தை. எதையோ மறைக்கறாரோன்னு நேக்கு பயமா இருக்கு. அம்மாவுக்கு ஏதாவது ஆயிருந்தா? நானே வாசிக்கணும், டீச்சர்.”

நான் மஞ்சாடி விதையால் ‘அ’ வைத்தேன். மணலில் விரலால் எழுதிக் காட்டினேன். அவள் ஒரே தடவையில் எழுதினாள். தினம் விடியற்காலையில் கோலம் போடுகிற விரல் அது. வளைவு, சுழி, இழுப்பு எல்லாம் அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரியும். எழுத்து என்று மட்டும்தான் தெரியாது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எழுத்துப் பிடித்த இன்னொருத்தரை நான் பார்க்கவில்லை. நான் கண்டதை எழுதுகிறவளாயிற்றே, அவள் முதல்முதலாக ‘அம்மா’ என்று எழுதிய அன்றைக்கு நோட்டில் மீனாவைப் பற்றி ஒரு வரி எழுதினேன், ஜானகியைப் பற்றி மூன்று வரி.

வாரம் ஒரு நாள் போதாது என்றாள். வீட்டில் சிலேட்டு வாங்கினால் மாமனார் கேட்பார் என்றாள். அப்போதுதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். “கொல்லை வாசலுக்கு யாரு வரப்போறா? கோலப்பொடியால எழுதிப் பழகுங்கோ. உடனே தண்ணி தெளிச்சு அழிச்சிருங்கோ” என்றேன். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்து நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் பால்காரன் கூப்பிட்டான் என்று ஜானகி அழிக்காமல் உள்ளே போய்விட்டாள். பெரியவர் அன்றைக்குப் பார்த்துக் கொல்லைப்பக்கம் வந்தார். வாசற்படியில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. அவர் மீனாவைக் கூப்பிட்டு, “இதை யாருடி சொல்லிக்குடுத்தா?” என்று கேட்டார். குழந்தை உள்ளதைச் சொன்னது. “டீச்சர்.”

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாரே தவிர, யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. எழுத்து என்றால் வகுப்புக்குப் போகிற பிள்ளைதான் எழுதியிருக்கும்.

திங்கட்கிழமை மனு வந்துவிட்டது. சிறுபிள்ளை வகுப்பு டீச்சர் வாக்கு மீறி விஜயதசமிக்கு முன்னால் எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அதையும் காலால் மிதிபடுகிற இடத்தில் எழுதப் பழக்கியிருக்கிறாள், டீச்சரை மாற்றவில்லையென்றால் தெருவில் ஒரு பிள்ளையும் வராது. கீழே பதினோரு வீட்டுக் கையெழுத்து. எங்கள் வகுப்பில் மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள். பதினொன்று போனால் வகுப்பு இல்லை. பாருக்குட்டியம்மா மனுவை வாசித்துவிட்டு, புதன்கிழமை பெரியவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். “நோட்டு கொண்டு வரணும்.”

நோட்டு என்றதும் எனக்குப் பகீரென்றது. என்னைக் காப்பாற்ற வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. மீனாவுக்கு விதையைக் கோடாக வைக்கக்கூட வரவில்லை என்று தேதி போட்டு எழுதியிருந்தது. அதே பக்கத்தில், அதற்குக் கீழே, ‘மீனாவின் அம்மா விதையால் அம்மா என்று வைத்தாள், மணலில் மூன்று தடவை எழுதினாள், தனியாக’ என்றும் இருந்தது. நோட்டைக் காட்டினால் நான் தப்பிப்பேன், அவள் மாட்டிக்கொள்வாள். மாமனாருக்குத் தெரியாமல் நாட்டுப்பெண் எழுத்துக் கற்றாள், அதுவும் அவரை நம்பாமல் கற்றாள் என்று தெருவுக்கே தெரிந்துபோகும். அதற்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டி வருவாளா? கார்டு அவள் கைக்கு ஒருநாளும் வராது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.  மதராஸ் டிரெயினிங்கில் தோற்றிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

புதன்கிழமை பெரியவர் வந்தார். வெளுத்த வேஷ்டி, மேலே அங்கவஸ்திரம், கையில் மனுவின் நகல். ஹெட்மிஸ்ட்ரஸ் அன்றைக்கும் தரையில்தான் உட்கார்ந்தார். பெரியவருக்குப் பலகை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை வருகிற அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் என்ன ஆகுமோ என்று வந்து ஜன்னலோரமும் கதவோரமும் நின்றார்கள். ஜானகியும் மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவின் பின்னால் நின்றாள்.

“நடந்தது என்னன்னு பறயணும், ஸ்வாமி” என்றார் பாருக்குட்டியம்மா.

பெரியவர் சபையில் பைல் வாசிக்கிற மாதிரி சொன்னார். “கொல்லை வாசப்படியில, கோலப்பொடியால, அம்மான்னு மூணு எழுத்து. நூல் பிடிச்சாப்ல ஒரே சீரா எழுதியிருந்தது. எம் பேத்தி கையால. விஜயதசமிக்கு முன்னாடி.”

கோலப்பொடி, நூல் பிடித்தாற்போல. அவர் சொன்னதும் ஜன்னலோரம் தலைகள் நிமிர்ந்தன. நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடியைப் பிடித்து, விட்டும் விடாமலும் இழை இழுக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாதவர்களா அவர்கள்? நாலு வயதுக் குழந்தை கையில் கோலப்பொடி கொடுத்தால் படி முழுக்க வெள்ளையடித்துவிடும். எழுபது வருஷமாகத் தினம் கோலத்தைத் தாண்டி நடந்த பெரியவருக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒருத்தி கதவுப் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பாருக்குட்டியம்மா நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, நிதானமாக. கிழிந்த இடத்தில் விரல் நின்றது. தையலோரம் ஒட்டிக்கொண்டிருந்த தாள் நுனியைத் தடவினார். என்னைப் பார்த்தார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“இதில் அங்ஙனெ ஒண்ணும் காணானில்ல, ஸ்வாமி” என்றார். அப்படி ஒன்றும் இதில் இல்லை என்று அர்த்தம். பொய்யில்லை. கண்டதைத்தான் சொன்னார்.

“அப்போ டீச்சரம்மாதான் சொல்லணும்” என்றார் பெரியவர். “எழுத்து சொல்லிக்குடுத்தேளா, இல்லையா?”

“சொல்லிக் குடுத்தேன், சாமி” என்றேன். “தப்பு எம்மேலதான். வாக்கு மீறினது நான். பிள்ளைகளை அனுப்புங்கோ. நான் போயிடறேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. வேலை போச்சு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா கடையில் போய்க் குடம் எண்ண வேண்டியதுதான். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டி எழுந்திருக்கப் போனார்.

“கொழந்தை எழுதலை.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஜானகி வெளியே வந்தாள். மீனாவைக் கீழே இறக்கிவிட்டாள்.  

“நான்தான் எழுதினேன். டீச்சர் கொழந்தைக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை. நேக்குத்தான் சொல்லிக்குடுத்தா. நான் கேட்டேன்.”

பெரியவர் பலகையில் மறுபடி உட்கார்ந்தார். கோபப்பட்டார் என்று சொல்ல முடியாது. அவர் கணக்கிலேயே இல்லாத ஒன்று நடந்துவிட்டது. “நீயா?” என்றார். “நோக்கு எதுக்கு?”

“லெட்டர் வாசிக்க.”

“நான்தான் வாசிச்சுச் சொல்றேனே. ஒரு விஷயம் விட்டிருக்கேனா?”

ஜானகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மீனா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதது. ஜன்னலோரம் நின்ற மாமிகளில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

பாருக்குட்டியம்மா கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு சாந்தமாகக் கேட்டார். “ஸ்வாமி, வலியவங்க, பெரிய ஆளுங்க, எழுத்துப் படிக்கான் விஜயதசமி வரை இருக்கணும்னு உண்டோ?”

பெரியவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். முப்பது வருஷம் சட்டம் பார்த்துப் பழகிய மனுஷர். சட்டம் இருந்தால் விடமாட்டார், இல்லையென்றால் இருப்பதாகச் சொல்லவும் மாட்டார். அந்தக் குணத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும். “குழந்தைகளுக்குத்தான் விதி” என்றார் கடைசியில். “பெரியவாளுக்கு அப்படி ஒண்ணும் சொல்லலை.” மனுவை விரித்துப் பார்த்தார். “இதுல குழந்தைன்னுதான் இருக்கு. சங்கதி தப்பு. மனு நிக்காது.” நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். ஜானகியைப் பார்க்காமலே வெளியே போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

அன்று சாயங்காலம் பாருக்குட்டியம்மா என்னைக் கூப்பிட்டார். “டீச்சரே, அந்தப் பேஜ் திரும்ப எழுதித் தரணும்.” அங்கேயே நின்று ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். கிழிந்த இடத்தில் பசை போட்டு ஒட்டினார்.  அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்க என் நோட்டைத் தினமும் வாங்கிப் பக்கங்களை எண்ணிவிட்டுத்தான் திருப்பித் தந்தார். எனக்கு அது நியாயம் என்றே பட்டது. மறுபடி அப்படி நடந்தால் மறுபடியும் கிழிப்பேன் என்பது வேறு விஷயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லா அம்மாக்களும் வந்தார்கள். வராத வீட்டிலிருந்துகூட இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். ஜானகி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மீனாவைப் பெரியவரே கொண்டுவந்து விட்டுப் போனார்.  என்னால்தான் ஜானகி அடைபட்டுக் கிடக்கிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விஜயதசமியும் வந்து போயிற்று.

விஜயதசமிக்குப் பிந்திய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜானகி வந்தாள். ஒரு கையில் மீனா. மறு கையில் ஒரு வளைந்த கம்பி. வீடுகளில் வருகிற கடிதங்களையெல்லாம் குத்தி உத்தரத்தில் மாட்டி வைப்பார்களே, அந்தக் கம்பி. நாலு வருஷத்துக் கார்டுகள் அதில் செருகியிருந்தன.

“அன்னிக்கு ஆத்துக்குப் போனதும் மாமனாரே இதை எடுத்துக் குடுத்துட்டார்” என்றாள். “‘நான் எதையும் மறைக்கலை, நீயே வாசிச்சுப் பாத்துக்கோ’ன்னார். மூணு வாரமா இதுதான் வேலை, அதான் வரலை, டீச்சர். அப்பா கையெழுத்து நல்லவேளை அச்சு மாதிரி இருக்கும்.”

“மறைச்சிருக்காரா?” என்று கேட்டேன். பாயில் இருந்த எல்லாரும் நெருங்கி வந்தார்கள்.

“ஒண்ணுகூட இல்லை. பசு கன்னு போட்டது, மழை இல்லாதது, சித்தப்பா காலமானது எல்லாம் சொல்லியிருக்கார். விஷயம் ஒண்ணு விடலை.” ஒரு கார்டைக் கம்பியிலிருந்து உருவினாள். “ஆனா பாருங்கோ. ஒவ்வொரு கார்டுலயும் கடைசியில அம்மா சொல்லி அப்பா எழுதியிருக்கார்.”

மீனாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தி வாசித்தாள். ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நாங்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். ‘ஜானகி தலைக்கு எண்ணெய் தேய்த்துக் கொள்கிறாளா என்று இவள் கேட்கிறாள்.’ அடுத்த கார்டு. ‘ஜானகிக்கு என்று வடுமாங்காய் போட்டு வைத்திருக்கிறாளாம்.’ இன்னொன்று. ‘நேற்று வாசலில் யாரோ சிரித்தது ஜானகி மாதிரியே இருந்தது என்று இவள் எழுந்து போய்ப் பார்த்தாள்.’

“ஏன் இதை வாசிக்கலைன்னு மாமனாரைக் கேட்டேன். ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ன்னார். அவர் ஆபீஸ்ல மனு வாசிச்சுச் சொல்றாப்லதான் சொல்லியிருக்கார். அவர்மேல நேக்குக் கோபம் வரலை, டீச்சர்.” கார்டுகளை மடியில் அடுக்கினாள்.  “நாலு வருஷமா அம்மா எங்கிட்டப் பேசிண்டேதான் இருந்திருக்கா. நான்தான் பதில் சொல்லாம இருந்திருக்கேன்.”

 எழுந்து போய் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு கார்டும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தேன். கடித நடை, நலம் நலமறிய எதுவும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாயில் குனிந்து உட்கார்ந்து, மீனா தோளில் தொங்கிக்கொண்டிருக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மணி ஐந்து தாண்டிற்று. கிணற்றடிக்குப் போக வேண்டியவர்கள் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் நீட்டினாள்.

‘அம்மா எண்ணை தேச்சுக்கறேன். வடு அனுப்பு. ஜானகி.’